ஒரு கேள்விக்கு ஒரு கேள்வி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பாள் என் மனைவி. அது தவறு. மூக்கு வரைக்கும் போக அதற்குப் பொறுமை கிடையாது, நேராக வாய்க்கு வந்துவிடும். இருபத்தாறு வருடமாக லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற அதிகாரி நான். முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டும் காரில், மடியில் மதிப்பெண் தாளும் கையில் உயிருமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தினமும் பதினைந்து தடவை அதே தெருக்களைச் சுற்றிப் பாருங்கள். உங்களுக்கும் வாய் நீளும்.

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. என்னிடம் மாட்டிக்கொண்ட, அல்லது நான் போய் மாட்டிக்கொண்ட, ஒரு மனநல ஆலோசகரைப் பற்றி. என் மனைவி அவருக்கு வைத்த பெயர் கேள்விக்காரம்மா. இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

நான் அவரிடம் போக நேர்ந்தது ஒரு கணக்கு வாத்தியாரால். டெஸ்டுக்கு வந்த மனிதர் மூன்றாவது கியரில் மேடு ஏறப் பார்த்தார். நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். கொஞ்சம் என்பது என் கணக்கு. அவர் கதவைத் திறந்து, இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தே போய்விட்டார். என் பக்கத்து பிரேக்கை நான் தேடி மிதிப்பதற்குள் வண்டி என்னோடு பின்னால் உருண்டு, அலுவலக வாசலில் இருந்த பூந்தொட்டிகளில் முட்டி நின்றது. நாலு தொட்டி காலி.

மறுநாள் வாத்தியாரிடமிருந்து புகார் வந்தது. நாலு பக்கம், எண் போட்டுப் பதினேழு குற்றச்சாட்டு. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை, அந்த மட்டில் மனிதரைப் பாராட்ட வேண்டும். மேலதிகாரி உத்தரவு போட்டார். நான் ஆறு தடவை ஆலோசகரிடம் போக வேண்டும். இவர் டெஸ்ட் எடுக்கிற மைதானத்துக்குத் திரும்பலாம் என்று ஆலோசகர் கடிதம் கொடுக்க வேண்டும். இரண்டரை மாதத்துக்குள் கடிதம் வராவிட்டால் ஓய்வு பெறும்வரை எனக்குப் பழைய கோப்பு அறைதான். கடிதம் வரும்வரைக்கும் அதே அறைதான். அங்கே ஜன்னல் கிடையாது. மின்விசிறி உண்டு, சுற்றாது. மைதானத்தில் வெயிலில் நின்றுகொண்டு, வரிசையைப் பார்த்து "அடுத்து!" என்று கூப்பிடுவதற்காகவே காலையில் பல் தேய்க்கிறவன் நான். என்னை அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? முதல் வாரத்திலேயே எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கேள்விக்காரம்மாவின் அறை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். மெத்தை நாற்காலியில் படுக்க வைத்துச் சின்ன வயதுக் கதையெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். உள்ளே இரண்டு சாதாரண நாற்காலி. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தன. ஜன்னலுக்குக் கீழே ஒரு கார் நிறுத்துமிடம். என் போன்றவனுக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று உங்களுக்குத் தெரியாது.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். குள்ளம், தடித்த கண்ணாடி, காலில் நடக்கிறவர்கள் போடுகிற தேய்ந்த ஷூ. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது: "வாங்க சார். கையில என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

என் கையில் இருந்தது மதிப்பெண் தாள் அட்டை. உண்மையைச் சொன்னால், அவருக்கு மார்க் போடலாம் என்றுதான் கொண்டுபோயிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு மார்க் போடப் போறீங்களா?"

"பழக்க தோஷம் மேடம்."

"தாராளமா போடுங்க. எத்தனை மைனஸ் வரைக்கும் பாஸ்?"

"அஞ்சு."

"அப்ப தாங்கிடலாம்" என்று உட்கார்ந்தார்.

அடுத்த இருபது நிமிடம் நான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை, தெரியாது. கீழே ஒருவன் மூன்று வண்டி இடத்தில் ஒரு வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனான். அதற்கு மட்டும் எனக்கு வாய் திறந்தது. அவர் அதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் எனக்கே எரிச்சல் வந்தது.

"எல்லாத்தையும் என்கிட்டயே கேட்டா எப்படி? உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? முகம் தெரியாத ஆள்கிட்ட வயித்துல இருக்கறதையெல்லாம் கொட்டணுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நியாயம்தான். சரி, நீங்க ஒண்ணு கேளுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பேரும் பொய் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

அவர்கள் தொழிலில் தன் கதையைச் சொல்லக்கூடாதாம். பிறகுதான் தெரிந்தது. இந்தப் பழக்கத்துக்காக அவருடைய மேலாளர், பெரிய ஆலோசகர், இரண்டு தடவை அவரைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். அவர் தலையை ஆட்டிவிட்டு வந்து, என்னைப் போல வாய் திறக்காத ஆசாமி யாராவது வந்தால் மறுபடி அதையே செய்வார்.

அப்படித்தான் அவர் கதை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது.

அவர் அப்பா படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர். நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டுக் கேட்டு, வீட்டில் அவருக்குப் பேச்சே வராது. அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அயர்ன் போடுபவர். இரண்டு அறை வீட்டில் நாலு பிள்ளைகள், அதில் இவர் மூன்றாவது. வீட்டில் இவருக்குப் பெயர் ரேடியோ. வாய் ஓயாது. அப்பா போகிற போக்கில் இவர் காதைப் பிடித்துத் திருகி, "சத்தத்தைக் குறை" என்பாராம். அந்த மனிதர் வாழ்நாளில் அடித்த ஒரே ஜோக் அதுதான். பள்ளியில் டீச்சர் இவரைத் தனியாகச் சுவரோரம் உட்கார வைத்திருக்கிறார். இவர் சுவரோடு பேசியிருக்கிறார்.

"சுவர் பதில் சொல்லுச்சா?" என்றேன்.

"அது அடுத்த கேள்வி சார். இப்ப என் முறை. மைதானத்துல கடைசியா யாரைப் பாராட்டினீங்க?"

நானும் யோசித்தேன், யோசித்தேன், நேரம் முடிந்துவிட்டது. படி இறங்கும்போதும் யோசித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"என்னைப் பாராட்டினதா எதுவும் ஞாபகம் இல்ல. மைதானத்துல நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

இரண்டாவது தடவை போனபோது அந்த 'கையில என்ன' கேள்வி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இவர் முதலில் படித்தது நர்ஸ் படிப்பு. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆசைப்பட்டார். அது கிடைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, என் முறை முடிந்திருந்தது. கிடைத்தது ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் அபாயப் பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் பேசும் அல்லவா, அந்தக் குரல் இவர். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா?

கம்பெனி ஒரு தாள் கொடுத்திருந்தது. 'பயப்படாதீர்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார்.' அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் நாள் மாட்டியவர் ஒரு கல்யாண மண்டப சமையல்காரர், நிதானமான மனிதர். இவர் பதினோரு தடவை பயப்படாதீர்கள் சொன்னார். பத்தாவது தடவை வரைக்கும் அவருக்குப் பயமே இல்லை. பதினோராவது தடவைதான், இவ்வளவு சொல்கிறார்களே, ஏதோ பெரிய ஆபத்து போலிருக்கிறது என்று கதவை உதைக்க ஆரம்பித்தார். இவருக்குக் கை கால் ஓடவில்லை. தாளைத் தூரப் போட்டுவிட்டு, வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"அண்ணே, கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"வெங்காயம்மா. அஞ்சு கிலோ."

"எத்தனை இருக்கும்? எண்ணுங்களேன்."

மெக்கானிக் கதவைத் திறந்தபோது சமையல்காரர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நல்லது ஒரு பக்கம், அழுகியது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். கம்பெனியில் இவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இவர் ஆறு வருடம் அந்த வேலையில் இருந்தார். அந்தத் தாளை மறுபடி கையில் எடுக்கவே இல்லை.

"அப்பத்தான் ஒண்ணு புரிஞ்சுது சார். கதவைத் தொறக்கறது என் வேலை இல்ல. என்னால முடியவும் முடியாது. தொறக்கற வரைக்கும் கூட இருக்கலாம். எனக்கு அது போதும்னு தோணுச்சு" என்றார்.

அங்கே வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்து, இந்த அறைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் 'கவலைப்படாதீங்க' என்று அவர் வாயில் வராது. 'எனக்குப் புரியுது' என்பதும் வராது. அழுகிறவர்களுக்கான காகிதப் பெட்டியைக்கூட நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்காமல் அறையின் கோடியில் வைத்திருந்தார். என்ன கஞ்சத்தனம் என்று கேட்டுவிட்டேன்.

"எழுந்து போய் எடுக்கறதுக்குள்ள பாதி அழுகை நின்னுடும். மீதியைத் திரும்பி வந்து உக்காந்து நிம்மதியா அழலாம்."

நான் அவருக்கு அதுவரை ஒரு மைனஸ்கூடப் போடவில்லை. அவர் முறையில் அவரும் என்னைச் சும்மா விடவில்லை. யார் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். என் அண்ணன், தப்புப் பண்ணும்போதெல்லாம் ஸ்க்ரூடிரைவர் பிடியால் விரல் முட்டியில் தட்டுவான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாத்தியார் இறங்கிப் போன கதையையும் நடித்தே காட்டினேன், பூந்தொட்டி உடைகிற சத்தத்தோடு. அதற்கும் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு குறைவு என்று ஒரு மைனஸ் போட்டேன்.

மனைவிக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. "அவங்க உங்களைச் சரி பண்றாங்களா, இல்ல நீங்க அவங்களைப் பேட்டி எடுக்கறீங்களா?" என்பாள். ஆனால் சமையலறையில் நான் சத்தம் போடுவது குறைந்திருக்கிறது என்று அவளே தன் தங்கையிடம் போனில் சொன்னதை நான் ஒட்டுக் கேட்டேன்.

நாலாவது தடவை. கீழே ஒரு பெண் ஒரே தடவையில், சுண்டு விரல் இடைவெளியில், அழகாக வண்டியை நிறுத்தினாள். "பாருங்க மேடம், இதுதான் ஓட்டறது" என்று வாய்விட்டுச் சொன்னேன். பாராட்டிவிட்ட சந்தோஷத்தில் என் முறைக் கேள்வியையும் கேட்டேன்.

"நீங்க கார் ஓட்டுவீங்களா?"

ரேடியோ நின்றுவிட்டது. அவர் மடியில் இருந்த நோட்டை மூடி வைத்தார்.

"இல்ல சார். மூணு தடவை டெஸ்டுக்குப் போனேன், மூணு தடவையும் ஃபெயில். முதல் ரெண்டு தடவை வேற அதிகாரிங்க. மூணாவது தடவை பக்கத்துல உக்காந்திருந்தது நீங்க."

அந்த முகத்தை உற்றுப் பார்த்தேன். சுத்தமாக ஞாபகம் இல்லை.

"பதினோரு வருஷம் ஆச்சு. 'நடுங்கற கைக்கு ஸ்டியரிங் எதுக்கு, பஸ் எதுக்கு இருக்கு, அதுல போங்க'ன்னு சொன்னீங்க. அதுலதான் போயிட்டிருக்கேன்."

அதை நான் ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்வேன். அவ்வளவு பிடித்தமான வசனம் எனக்கு.

"வீடு வீடாப் போற நர்ஸுக்கு லைசென்ஸ் இருக்கணும். அது இல்லாததாலதான் அந்த வேலை கிடைக்கல" என்றார். குரல் உயரவே இல்லை. "இதை நான் முதல் நாளே சொல்லி, உங்களை வேற ஆலோசகர்கிட்ட அனுப்பியிருக்கணும் சார். உங்க ஆபீஸ் அனுப்பின தாள்ல உங்க பேரைப் பாத்ததும், அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு, கடந்து வந்துட்டோம்னு நெனச்சேன். நீங்க அந்த வாத்தியார் கதையைச் சிரிச்சுட்டே சொன்னீங்க பாருங்க, அப்ப இந்த நோட்டுக்கு அடியில என் கை நடுங்குச்சு. அப்பவாவது நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. என் தப்பு. நேத்து எங்க பெரியவர்கிட்ட சொல்லிட்டேன். இனிமே அவர் உங்களைப் பாப்பார்."

"அப்ப என் கடிதம்?"

"அவர்கிட்ட மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீங்க தப்புப் பண்ணுவீங்க, நான் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா? இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயமே இல்ல. மன்னிச்சுக்குங்க."

அவ்வளவு சுலபமாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் தொண்டையில் அது எந்தக் காலத்திலும் இறங்கியதும் இல்லை, ஏறியதும் இல்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

பெரிய ஆலோசகரிடம் ஆறு தடவை போனேன். நல்லவர்தான். எது சொன்னாலும் 'ம்' என்பார். பூந்தொட்டிக்கும் 'ம்', அண்ணனுக்கும் 'ம்'. அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. நாள் போதாமல் வாரத்துக்கு ஒன்று என்று ஓட வேண்டியிருந்தது. மீதி நேரமெல்லாம் கோப்பு அறை.

அந்த அறையில் பதினைந்து வருட மதிப்பெண் தாள்கள் கிடக்கின்றன. கேள்விக்காரம்மாவின் தாளை நான் தேட ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. தப்பாக நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மா அன்றைக்குக் கன்னாபின்னாவென்றுதான் ஓட்டியிருப்பார், நான் சரியாகத்தான் ஃபெயில் போட்டிருப்பேன் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ளத் தேடினேன். சத்தம் போடுவேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒரு மார்க் தப்பாகப் போட்டதில்லை என்பதுதான் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிற ஒரே விஷயம்.

ஐந்து நாள் தும்மிக்கொண்டே தேடி, ஆறாவது நாள் அகப்பட்டது. என் கையெழுத்து. இண்டிகேட்டர் தாமதம், ஒன்று. ரிவர்ஸில் இடப்பக்கக் கண்ணாடி பார்க்கவில்லை, ஒன்று. மொத்தம் இரண்டு. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் காலி. மறுபடி கூட்டினேன். ஒன்றும் ஒன்றும் இரண்டு, அதை எத்தனை தடவை கூட்டுவது? ஐந்து வரைக்கும் பாஸ். கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: 'கை நடுங்குகிறது. தகுதியில்லை.' அதற்கும் கீழே, வாலைச் சுழித்துவிட்டு என் கையொப்பம்.

விதிப் புத்தகத்தில் நடுக்கத்துக்கு மைனஸ் கிடையாது. பக்கத்தில் நான் உட்கார்ந்து கத்தினால் எந்தக் கைதான் நடுங்காது? பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவர் கை நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன், எழுதியும் வைத்திருக்கிறேன், ஏன் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். அவர் மேஜையில் அன்று காலைதான் பெரிய ஆலோசகரின் கடிதம் வந்திருந்தது. நான் திரும்பலாமாம். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பதினோரு வருஷக் குப்பையை எதுக்குய்யா கிளறுறீங்க? பெட்டியில போட்டுட்டு, திங்கக்கிழமை மைதானத்துக்கு வந்து சேருங்க."

"தப்பான முடிவு தெரிய வந்தா எழுதிக் கொடுக்கணும்னு விதி இருக்கு சார்."

"எழுதிக் கொடுத்தா விசாரணை வரும். விசாரணை முடியற வரைக்கும் மைதானம் கிடையாது. முடிஞ்ச பிறகும் கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது. தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

தெரிந்துதான் பேசினேன். ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். புதிதாக வந்த அதிகாரி கம்மிய குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், கடைசியில் நின்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. அங்கேயே ஒரு காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கடை மாடிக்குப் போனேன்.

முன்கூட்டிச் சொல்லாமல் போனதால் நடையில் அரை மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் கேள்விக்காரம்மா கதவைத் திறந்தார்.

"உக்காருங்க சார். ஆனா நான் இப்ப உங்க ஆலோசகர் இல்ல."

"தெரியும் மேடம். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். நீங்க அன்னிக்குப் பாஸ். ரெண்டே மைனஸ்தான். தாள் அகப்பட்டுச்சு. நான்தான் விதியில இல்லாததை எழுதி ஃபெயில் போட்டிருக்கேன். ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஆனா ஒண்ணு பாருங்க" என்று ஆரம்பித்தேன். "நான் பாஸ் போட்டிருந்தா நீங்க நர்ஸாப் போயிருப்பீங்க. லிஃப்ட் கம்பெனிக்கும் போயிருக்க மாட்டீங்க, இந்த வேலைக்கும் வந்திருக்க மாட்டீங்க. ஒரு வகையில பாத்தா..."

"அந்த வகையில பாக்காதீங்க சார்" என்றார். "நர்ஸ் வேலை எனக்குப் பிடிச்ச வேலை. இதுவும் பிடிச்சிருக்கு. அதுக்காக அது சரியாயிடாது. அன்னிக்குக் காலையில எங்கம்மா எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை அயர்ன் பண்ணிக் கொடுத்தாங்க. ஆஸ்பத்திரியில எத்தனையோ பேருக்குப் போட்டவங்க, எனக்குன்னு அரை மணி நேரம் போட்டாங்க. பஸ்ல திரும்பி வரும்போது அது கசங்கக்கூட இல்ல. அம்மா கேட்டதுக்கு, நான் சரியா ஓட்டலம்மான்னு சொன்னேன். அப்படித்தான் இத்தனை நாளா நானும் நம்பிட்டிருந்தேன்."

"மன்னிச்சுக்குங்க" என்றேன். சொன்னது தரையைப் பார்த்து. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் தன் நாற்காலியை ஜன்னலிலிருந்து என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. ஆலோசகரா கேக்கல. அன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டினவளா கேக்கறேன்."

இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.